மூத்தாரின் இடது கை

என் கணவரின் அண்ணனுடைய பெயரை நான் பதினோரு வருஷமாக வாயில் எடுத்ததில்லை. இங்கேயும் எடுக்கப் போவதில்லை, மூத்தார் என்றே சொல்கிறேன். எங்கள் பக்கம் மருமகளாக வந்தவள் கணவன் வீட்டு மூத்தவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது. அவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தலைத்துணி சற்று நழுவினாலே மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி துர்சுன் அக்கா ஒரு வாரம் முனகுவாள். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. போன மாதம் வந்து இறங்கிய மின்ரம்பம்தான் இன்னும் பழகவில்லை.

ஏரியின் தென்கரையில் எங்கள் தெரு முழுக்கக் கம்பளிக் கூடாரத்துக்கு மரவேலை செய்கிறவர்கள்தான். கூடாரத்தின் கூரைக்கழி நேர்க்கழி இல்லை. வில்லோ மரக்கழியை ஆவியில் வேகவைத்து, கீழ்முனைக்குப் பக்கத்தில் வளைக்க வேண்டும். மூத்தார் கழியின் மேல் இடது கையை வைத்தாலே போதும், எவ்வளவு மடங்கும், எங்கே முறியும் என்று சொல்லிவிடுவார். என் கணவர் எல்லை தாண்டி நோவோசிபிர்ஸ்க்கில் மூட்டை தூக்குகிறார். பணம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. இரண்டு குடும்பமும் சாப்பிடுவது அந்த இடது கையை நம்பித்தான்.

வளைத்த கழியின் முனையைச் சாய்வாக அறுக்கத்தான் இந்த ரம்பம். பிடியை அழுத்தினால் வட்டப் பிளேடு மேலிருந்து கழிமேல் இறங்கும். கல்யாணத்துக்கு முன்னால் தலைநகர் பிஷ்கெக்கில், ஜன்னல் சட்டம் செய்கிற பட்டறையில் இதே மாதிரி ரம்பத்தின் முன் இரண்டு வருஷம் நின்றவள் நான். பக்கத்து ரம்பத்தில் மீரிம் என்று ஒருத்தி. ஒரு மதியம் யாரோ "மீரிம், டீ வந்துடுச்சு!" என்று கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். தலைதான் திரும்பியது; கை அங்கேயே இருந்தது. மீதியை நான் சொல்ல மாட்டேன். அன்று முதல் ரம்பத்தின் முன் நிற்கிறவரைக் கூப்பிட எனக்கு நாக்கு எழாது.

ரம்பம் வந்த அன்று நான்தான் அதை மேசையோடு சேர்த்து நான்கு போல்ட் முடுக்கினேன். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு பிளேடு ஆடுகிறதா என்று பார்த்தேன். கழியை ஒட்டி வைக்கப் பின்னால் இருக்கும் இரும்புத் தாங்கலுக்கு மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். பிளேடுக்கு இரு பக்கமும் ஒரு சாண் தள்ளி, சிவப்புப் பெயிண்டில் கோடு இழுத்தேன்.

"என்னம்மா இது, எல்லைக்கோடா? சீனாக்காரன் தாண்டி வந்துடுவானா?" என்றார் மூத்தார்.

"உங்க கை தாண்டக் கூடாது மாமா. கழிய கிளாம்ப் பிடிக்கட்டும்."

"முப்பது வருஷமா ரம்பத்தோட கெடக்கறேன். நீ பிஷ்கெக்குல ரெண்டு வருஷம் டீ குடிச்சுட்டு வந்து எனக்குச் சொல்றியா?"

துர்சுன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கோட்டை அழிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் பனி விடாமல் விழுந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் கழிக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பிளேடு மேலே இருக்கும்போது அதை மூடி நிற்கிற காப்பைக் காணோம். மூத்தார் அதை மேலே இழுத்துக் கம்பியால் கட்டியிருந்தார். கிளாம்ப் சுவரில் தொங்கியது. கையில் துர்சுன் அக்கா பின்னிய கம்பளிக் கையுறை.

"மாமா, கையுறையக் கழட்டிடுங்க. அந்தக் காப்பையும் அவுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"காப்பு இருந்தா பென்சில் கோடு தெரியல. கையுறை இல்லன்னா விரல் வெறைக்குது. உனக்குப் பயமா இருந்தா உள்ள போய் மாவு பெசை."

பயமாகத்தான் இருந்தது. இருந்தும் கால் நகரவில்லை.

வளைந்த கழியின் முதுகு, புடைத்த பக்கம், தாங்கலில் ஒட்டி இருக்க வேண்டும். அவர் அதைத் திருப்பி, முதுகு தன் பக்கம் இருக்க வைத்திருந்தார். இரண்டு ஓரங்கள் மட்டும் இரும்பைத் தொட்டன. பிளேடு இறங்குகிற இடத்தில் பின்னால் மூன்று விரல் இடைவெளி. மின்ரம்பத்தில் பழகியவனுக்கு இந்தத் தப்பு வராது. எங்கள் ஆட்கள் கழியைத் தொடையில் வைத்து, முதுகைத் தங்கள் பக்கம் திருப்பித்தான் கைரம்பத்தால் காலமெல்லாம் அறுத்திருக்கிறார்கள். கை அதையே செய்கிறது.

பிளேடு பாதி இறங்கியதும் கழி இறுகிப் பிடித்துக்கொண்டு, முறிந்து, ஒரு துண்டு கொட்டகைக் கூரையில் போய் மோதியது. அவர் கை துள்ளியது. எனக்கு உயிரே போய்விட்டது.

"பறக்குது பாரு!" என்று சிரித்தார். பிறகு மூன்று கழிகளை ஒன்றாகச் சேர்த்து, அதே மாதிரி திருப்பி வைத்து, இடது கையால் அமுக்கினார். சுட்டுவிரல் சிவப்புக் கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை உள்ளே இருந்தது.

பிளேடு சுழலத் தொடங்கியது. கத்தலாமா? கத்தினால் திரும்புவார். மீரிம் திரும்பினாளே. அவருக்குப் பின்னால் சுவர் வரை கழி அடுக்கியிருந்தது, எலி நுழையவும் வழி இல்லை. பிளக் அந்தப் பக்கத் தூணில். போவதென்றால் மேசைக்கு எதிர்ப்பக்கமாக, அவருக்கு முன்னால், குறுக்கே போயாக வேண்டும்.

போனேன். ஓடாமல், அவர் கண்ணில் படும்படி மெதுவாக நடந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிடியோடு கீழே இறங்கிக்கொண்டிருந்த வலது கை அப்படியே நின்றது. மருமகள் ஒருத்தி தன் முகத்துக்கு நேரே குறுக்கே போவதை அவர் ஜன்மத்தில் பார்த்திருக்க மாட்டார். நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

"கொழுப்பா உனக்கு?" என்று கத்தினார். "உன் புருஷன் இல்லாத தைரியமா?"

பிடியை விட்டார். ரம்பத்தின் தலை மேலே எழுந்தது. சத்தம் அடங்கிவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுவிட்சை விட்டால் இந்த ரம்பத்தில் பிரேக் பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கினால் பிரேக்கும் செத்துவிடும், பிளேடு தானாக ஓய்கிறவரை சுற்றும். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவு சீராகச் சுற்றியதால் பார்ப்பதற்கு நின்றுபோன தட்டுபோல இருந்தது. காப்பும் இல்லை. கோபத்தில் அவர் கழிகளை வாரி எறிவதற்காக இடது கையை அதன் அடியில் நீட்டினார்.

பாய்ந்து அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கையுறையின் நூல்முனை ஏதோ பல்லில் சிக்கியிருக்க வேண்டும். கையுறை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. பிளேடோடு இரண்டு சுற்று சுற்றி, கிழிந்து, கம்பளித் துணுக்குகளாக மரத்தூள்மேல் சிதறியது. பிளேடு திணறி நின்றது.

அவர் விரல்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடி எண்ணினேன்.

சத்தம் கேட்டு துர்சுன் அக்கா மாவுக்கையோடு ஓடி வந்தாள். பார்த்தது, நான் அவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத்தான். என் தலைத்துணி வேறு தரையில் கிடந்தது.

"அடிப்பாவி! என்னடி இது? விடுடி கைய!"

நான் விடப் போனேன். மூத்தார் கையுறையின் துணுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அந்தக் கை, கழியைத் தொட்டே கணக்குச் சொல்கிற கை, என் பிடிக்குள் காய்ச்சல்காரன் கைபோல உதறியது.

"விட்டுடாதம்மா," என்றார் மெதுவாக. "இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ."

துர்சுன் அக்கா மாவுக்கையோடு நின்றாள். நான் பிடித்துக்கொண்டேன்.