அறுபதா, எழுபதா

1
கமலநாதனின் உயிர் நாற்பத்தெட்டாயிரம் ரிங்கிட். அறை வாடகை தனி. கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனை கொடுத்த கொட்டேஷன் இது. அவருடைய மனைவி லோகேஸ்வரி அந்தத் தாளை என்னிடம் காட்டியபோது, இதைக் கதையாக எழுதலாமா என்று கேட்டுவிட்டேன்.

"எழுதிக்கோங்க. நான் அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க."

(அழுதார்.)

2
முதல் வரி: 'வானம் இருண்டிருந்தது, அவள் மனதைப் போலவே—' அடித்துவிட்டேன். கிள்ளான் வானம் மழைக்காக மட்டுமே இருளும்.

மறுபடியும். லோகேஸ்வரி இருபத்தாறு வருடமாகச் சேலை விற்பவர். கணவருக்கு மூளையில் கட்டி. நினைவு தடுமாறுவதால் சம்மதக் கையெழுத்து இவருடையது. டாக்டர் பிரவின் மறைக்காமல் சொன்னார்.

"ஆப்பரேஷன் செஞ்சா பொழைக்க அறுபது பெர்சென்ட் சான்ஸ், ஆன்டி. மீதி நாப்பதுல டேபிள்லயே உயிர் போயிடலாம். செய்யாம விட்டா ஆறு மாசம்."

"எழுபது சொல்லுங்க டாக்டர், இப்பவே சைன் பண்றேன்லா."

பேரம் பேசியே பழகிய நாக்கு. டாக்டருக்கோ களைப்பு, கொஞ்சம் இரக்கம்.

"சரி ஆன்டி, எழுபதுன்னே வெச்சுக்குங்க."

பேனா நின்றது.

3
(மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில், ஒரு துணிக்கடைக்குள் வளர்ந்தவன் என்பதால் எனக்கு உடனே புரிந்தது. கேட்டவுடன் இறங்கி வருகிறவன் முதலில் சொன்னதும் பொய் விலைதான்.)

"யோசிச்சு சொல்றேன் டாக்டர்."

வெளியே மகள் தாமரை வெடித்தாள். "அவரு ஆறுதலுக்குச் சொன்னாரும்மா! இது என்ன நம்ம கடையா?"

"தெரியும்லா. அந்தப் பத்து எங்கேருந்து வந்துச்சு? அப்போ அறுபது மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?"

இந்த இடத்தில் அவரை முட்டாளாக்கப் பார்த்தேன். முடியவில்லை. எனக்கும் பதில் தெரியாது.

4
முடிவுகள் எழுதிப் பார்த்தேன். லோகேஸ்வரி கையெழுத்துப் போடுகிறார், கமலநாதன் பிழைத்து வந்து எதிர்க்கடைக்காரனைப் பழையபடி திட்டுகிறார். கையெழுத்துப் போடுகிறார், நான்கு மணி நேரத்தில் டாக்டர் தலையில் போட்டிருந்த துணித் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வருகிறார். போடவில்லை, ஆறு மாதம் கரண்டியில் கஞ்சி, பிறகு ஒரு நாள் வாய் திறக்காமல்—

விட்டுவிட்டேன். இவற்றில் எதுவும் கையெழுத்துப் போடும் நேரத்தில் லோகேஸ்வரியின் கையில் இல்லை.

5
நாளைக் காலை எட்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சற்றுமுன் லோகேஸ்வரி போன் செய்தார். கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார்.

பிழைக்க: 60
போக: 40
டாக்டர் சேர்த்துக் கொடுத்தது: 10
ஆக மொத்தம்: 110

"பத்து அதிகமா நிக்குது. எந்தப் பக்கத்துல கழிக்கிறது, சொல்லுங்க."

போனை இன்னும் காதில்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னால் அவரிடம் அப்படியே சொல்லிவிடுவேன்.