இறங்காத கால்சியம்

ஜப்பானின் தகமாட்சு நகரில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனை. அதன் கீழ்த்தள ஆய்வறையில் கிரியூ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு எலி முட்டைகள். விந்து நுழைந்ததும் முட்டைக்குள் கால்சியம் ஏறும், அதைக் காட்ட ஊறவைத்த சாயம் ஒளிரும். பிறகு இறங்கும். பத்து நிமிடத்தில் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் நிற்காமல் ஓடினால்தான் முட்டை கருவாகும். ஏறியதை இறக்கச் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா.

கிழட்டு எலிகளின் முட்டையில் அது களைத்துப்போகிறது, ஏறிய கால்சியம் இறங்குவதில்லை. இது கிரியூவின் மூன்று வருட முடிவு. இதை வைத்துத்தான் மேல்மாடியில் டாக்டர் ஹிராதே சென்செய் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஆலோசனை சொன்னார். இன்று மூன்று மணிக்கு மிசோகுச்சி வருகிறாள். வயது நாற்பத்திரண்டு. இனி முட்டை எடுப்பது வீண் என்று அவளிடம் சொல்லப்போகிறார்.

ஆறு முட்டைகளும் ஒழுங்காக ஏறி இறங்கின. இளசு என்று குறித்தான். உதவியாளர் இசோனோ அடுத்த தட்டை வைத்தாள். கால்சியம் ஏறியது. இறங்கவில்லை. கிழடு என்று எழுதினான்.

"என்ன எழுதுறீங்க? இதுதான் இளசு," என்றாள் இசோனோ.

"விளையாடாதீங்க, இசோனோ-சான்."

"மூணு மணிக்கு நான் பல் டாக்டர்கிட்ட போகணும். கஷ்டமானத முதல்ல முடிச்சிடலாம்னு தட்ட மாத்தி வச்சேன். மத்தியானம் ஊதோன் நூடுல்ஸ் சாப்பிடறப்பவே சொன்னேனே! கிண்ணத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டு 'ம்'னீங்க."

கிரியூ தட்டைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். இளசுதான்.

அப்படியானால் முன்பு ஒழுங்காக ஏறி இறங்கியவைதான் கிழடு. எப்போதும் இளசுதான் முதலில். அந்த முட்டைகள் நிறையக் கிடைக்கும், அவற்றில் கை பழகும். அரிதான கிழட்டு முட்டைகள் பழகிய கைக்காகக் காத்திருக்கும். சாயத்திலேயே, ஒரு மணி நேரம் கூடுதலாக. மைட்டோகாண்ட்ரியாவில் சாயம் அதிகம் ஏறினால் விளக்கொளி பட்டதும் அது செத்துப்போகும். மாணவர்களுக்கு அவனே சொல்லித்தந்த பாடம்.

"மூணு வருஷமா..." என்றான்.

"மணி மூணாச்சு," என்றாள் இசோனோ. "மேல ஓடுங்க. பல்லு கிடக்குது."

ஆய்வறைச் செருப்போடு வெளியே போகக் கூடாது. போனான்.

மேல்மாடியில் ஹிராதேயின் மேசைமேல் அவன் வரைந்த கால்சியம் படம் இருந்தது. பக்கத்தில் சிகிச்சையை நிறுத்தும் படிவம். மிசோகுச்சி பேனாவைத் திறந்திருந்தாள்.

"சென்செய், அந்தப் படம் தப்பா இருக்கலாம். கிழட்டு முட்டைய சாயத்துல அதிக நேரம் வச்சிருந்திருக்கேன். என் தப்பு."

ஹிராதே எழுந்தார். "கிரியூ, வெளிய பேசலாம்."

"இங்கயே பேசுங்க," என்றாள் மிசோகுச்சி. "என் முட்டையப் பத்தித்தானே பேசுறீங்க? அது நல்லா இருக்கா, இல்லையா?"

"தெரியாதுங்க. தெரியும்னு நாங்க சொன்னதுதான் தப்பு," என்றான் கிரியூ.

அவள் பேனாவை மூடப் பார்த்தாள். மூடி இரண்டு முறை தவறியது.

"போன வருஷம் எங்க அக்காவுக்கும் இதே படத்தத்தான் காட்டினீங்க, சென்செய்," என்றாள். "அவ கையெழுத்துப் போட்டுட்டா."