கெட்டுப்போன கேசட்

தலையில் கட்டிய கறுப்புத் துணியை அவிழ்க்காமலே ரத்மிலா இழுப்பறையை உருவிச் சாப்பாட்டு மேஜைமேல் கவிழ்த்தாள். ஐம்பது கேசட்டுகள் சரிந்தன. அம்மா தெசாங்காவைப் புதைத்துவிட்டுத் திரும்பி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. செத்தவளுக்காகத் தரையில் ஒரு சொட்டு விட்டு ரக்கியாச் சாராயம் குடித்த அக்கம்பக்கத்தார் போய்விட்டார்கள். வேகவைத்த கோதுமை தட்டில் மிச்சம் இருந்தது. ரத்மிலாவுக்கு நாளைக் காலை ஜெர்மனி ரயில். அதற்குள் அம்மாவின் குரல் வேண்டும்.

ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாவற்றிலும் தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம்.

எல்லாம் அப்பா வெலிமிரின் கைங்கரியம். தொலைபேசி நிலையத்துக்காரர், பத்திரிகையில் வந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு கலாக்ஸியா என்ற கம்ப்யூட்டரைத் தானே பற்றவைத்துச் செய்தார். பெல்கிரேடே அந்தப் பைத்தியத்தில் கிடந்தது. திரைக்கு வீட்டு டிவி, நினைவகம் நாலே கிலோபைட். சனிக்கிழமைகளில் வானொலி புரோகிராம்களைக் கீச்சொலியாக ஒலிபரப்பும். அதைக் கேசட்டில் பிடித்துக் கம்ப்யூட்டருக்கு ஊட்டவேண்டும். அவருடைய பழைய ரேடியோவில் ஒயர் செருக இடமில்லாததால் டேப்ரெக்கார்டரை எதிரே வைத்துப் பதிவுசெய்வார். அந்த ஐந்து நிமிஷமும் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. ஒரு சொல் கலந்தால் போச்சு, புரோகிராம் ஏறாது. தவறு நேர்ந்தால் அந்தப் பெட்டி காட்டும் செய்திகள் மூன்றே: என்ன, எப்படி, மன்னிக்கவும். அதைக் கட்டியவருக்கு முதல் இரண்டுதான் வரும்.

"இந்த வீட்ல அம்மா பேசினதே இல்லையாப்பா?" என்றாள் ரத்மிலா.

வெலிமிர் சரிந்து கிடந்த கேசட்டுகளை அடுக்கினார். கல்லறைத் தோட்டத்தில், அம்மா கடைசியாக என்ன பேசினாள் என்று அவள் கேட்டிருந்தாள். காப்பி வேணுமா என்று கேட்டாள், வேணும் என்றேன், என்று சொல்லியிருந்தார். பாதி நிஜம். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் மனைவியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் காய்கறிச் சந்தையில் விழுந்தாள். நினைவு திரும்பவே இல்லை.

ரத்மிலா அழ ஆரம்பித்தாள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். மேலே அவர் கையெழுத்தில் 'கெட்டது' என்றிருந்தது. கெட்டதன்மேல் அடுத்த சனிக்கிழமை புதிதாகப் பதிவுசெய்துவிடுவதுதான் வழக்கம். அடுத்த சனிக்கிழமை அவர் மனைவியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

கேசட்டைப் போட்டு, நிறுத்தும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டார். தெசாங்காவின் குரல் வந்ததும் அழுத்திவிடலாம்.

கீச்சு. நடுவில், ரொம்பப் பக்கத்தில், "வெல்யா, காப்பி போடட்டுமா?"

இடைவெளியே இல்லை. கேள்வியின் வால்மேலேயே அவர் குரல் ஏறி விழுந்தது. "வாய மூடுடி! ஏன்டி உயிர வாங்கற?"

ரத்மிலா நிமிர்ந்து பார்த்தாள். அவர் விரல் பொத்தானை மறந்துபோயிருந்தது. கீச்சு தொடர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதற்குள் மெதுவான காலடி. மேஜைமேல் ஒரு கோப்பையைச் சத்தம் வராமல் வைக்கப் பார்த்து, முடியாமல் போன சின்ன 'ணங்'.

இதை அவரும் இப்போதுதான் கேட்கிறார்.

"குடிச்சியாப்பா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார். கேசட் முடியும்வரை இருவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.