மாமா என்றால் அம்மா

1

இந்தக் கதை ஒரு குற்றத்தில் தொடங்குகிறது. குற்றவாளி நான்தான். பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, கைபேசியில் ஒரு கட்டைவிரல் குறியைத் தட்டினேன், அவ்வளவுதான்.

புயல் லீவுக்கு மறுநாள், ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரம். நாங்கள் திருகாணி செய்கிறவர்கள். காவோசியுங் துறைமுக நகரத்துக்கு வடக்கே உள்ள இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. பதினாறு வருடமாக எனக்கும் அதுதான். விரலெல்லாம் எண்ணெய், அதனால் சுண்டுவிரலால் செய்திகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். 'புயலைக் காணோம், பேரங்காடியில் மக்கள் வெள்ளம்' என்று ஒரு தலைப்பு வந்தது. கீழே படம். ஒரு ஆள் நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, அதன் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்திருக்கிறான். இரண்டடி தள்ளி ஒரு பெண் இன்னொரு கைபேசியைத் தன் முகமே மறையும்படி தூக்கிப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

படத்துக்குக் கீழே வாசகர்கள் காறித் துப்பியிருந்தார்கள். 'பெற்ற பிள்ளை எதிரில் இருக்க, இவளுக்குப் போனில் என்ன கொஞ்சல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நூற்றுச் சொச்சம் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நானும் காட்டினேன்.

பிறகுதான் அந்தப் பெண்ணின் முழங்கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே அரைநிலா மாதிரி ஒரு தீத்தழும்பு. அந்தத் தழும்பை உண்டாக்கிய உலை என் முதுகுக்குப் பின்னால்தான் எரிந்துகொண்டிருந்தது. முழங்கைக்குச் சொந்தக்காரி எதிர் பெஞ்சில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாண்ணே?" என்றாள் ஷின்-மேய். "எங்க வீட்டுக்காரர் காலையிலயே அனுப்பிட்டாரு. நாம ஃபேமஸ் ஆயிட்டோம்னு."

குறியை மறுபடி தட்டினால் போய்விடும். தட்டினேன், போய்விட்டது. போன பிறகும் விரல் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

தொடக்கம் கிடைக்காமல் நாலு நாள் போயிற்று. எழுதிக் கைவிட்டவற்றை மறைக்க விருப்பமில்லை.

அன்று விடிந்தபோது வானம் — (இல்லை. வானத்தை யாரும் பார்க்கவில்லை. கைபேசியில்தான் பார்த்தார்கள்.)

அறிவியல் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் கைபேசியானது — (இதை முடித்தால் பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு நிச்சயம்.)

என் அம்மா என்னை இடுப்பில் கட்டிக்கொண்டு கல் உடைத்தாள். அந்தக் காலத்துத் தாய்மார்கள் — *

* இது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். பிறகு அடித்தேன், ஏனென்றால் பொய். குவாரியில் அம்மா ஜல்லி உடைத்தது நிஜம். ஆனால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சம்மட்டி ஓங்க முடியாது. கல்சில்லு பிள்ளையின் கண்ணில்தான் தெறிக்கும். தார்ப்பாய்க்கு அடியில் ஐந்து வயது அக்காவிடம் என்னைப் போட்டுவிட்டு, நாள் முழுக்க எண்பதடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு கைபேசி இருந்திருந்தால் அதில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டேதான் உடைத்திருப்பாள். உழைக்கிற பெண்ணைப் பார்த்து 'அந்தக் காலத்துத் தாய்' என்று உருகுகிறவன் ஒன்று பொய்யன், இல்லாவிட்டால் வீட்டில் ஆள் வைத்து வளர்ந்தவன்.

3

ஆகவே தொடக்கம் இல்லாமலே நடந்ததைச் சொல்கிறேன்.

ஷின்-மேய்க்கு ஆலையில் மாறி மாறி ஷிப்டு. அவள் புருஷன் யூங்-ஷெங் காய்கறி வேன் ஓட்டுகிறவன். பதினோரு மாதக் குழந்தை டோடோ, திங்கள் முதல் வெள்ளி வரை ராப்பகலாக, சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிற லியௌ அக்கா வீட்டில் வளர்கிறாள். வேனில் போனால் முக்கால் மணி நேரத் தூரம். இங்கே நிறையப் பேர் பிள்ளையை இப்படித்தான் விடுகிறார்கள். சனி காலையில் கூட்டி வந்து ஞாயிறு மாலையில் கொண்டுபோய் விடுவது வழக்கம்.

நடு ஐந்து நாளும் கைபேசிதான். ஷிப்டு இடைவேளையில், சூப்புக் கிண்ணத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்து ஷின்-மேய் பேசுவதைத் தினமும் பார்க்கிறேன். (இதைத் தினமும் பார்க்கிறவன்தான் கட்டைவிரல் காட்டினான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) அந்தப் பக்கம் டோடோ கைபேசிக் கண்ணாடியை நக்குவாள். மூன்று வாரத்துக்கு முன்னால், கண்ணாடியைப் பார்த்து முதல் வார்த்தை சொன்னாள். அன்று ஷின்-மேய் எங்கள் எல்லாருக்கும் ஜவ்வரிசி உருண்டை போட்ட தேநீர் வாங்கிக் கொடுத்தாள்.

ஆனால் சனிக்கிழமை நேரில் பார்த்தபோது குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தது. அடுத்த சனியும் அப்படியே. மேசை மேல் கைபேசி கூவினால் மட்டும் திரும்பி, அதைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னது.

"எனக்கு வேற ஒன்னும் வேணாம்ணே," என்றாள் ஷின்-மேய். "ஒரே ஒரு தடவ. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

4

அந்த வார்த்தையில்தான் எனக்குச் சிக்கல். இங்கே பேசுகிற சீனத்தில் அம்மாவை மாமா என்பார்கள். குழந்தை சொன்னதை அப்படியே எழுதினால் நீங்கள் தாய்மாமனைத் தேடுவீர்கள். 'அம்மா' என்று மாற்றி எழுதினாலோ உதடு ஒட்டிப் பிரிகிற அந்தச் சத்தம் போய்விடுகிறது. சரி, மாமா என்றே இருக்கட்டும், நீங்கள் பழகிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்.

ஷின்-மேய் பழகிக்கொள்ளவில்லை. அவளைப் பற்றி எழுதுவது தெரிந்ததும் பக்கங்களைக் கேட்டாள். கொடுத்தேன். கைபேசியை மேலே பிடித்து மொழிபெயர்த்துப் படித்தாள். இப்போதெல்லாம் எவர் மொழியும் எவருக்கும் மறைப்பில்லை. படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"என்னண்ணே இது? 'குழந்தை கைபேசியைப் பார்த்துத் தாய்மாமன் என்றது'ன்னு இருக்கு."

"அது உங்க போன் பண்ற வேலை."

"எனக்குக் கூடப் பொறந்தது அக்கா மட்டுந்தான். இந்த மாமன் எங்கேருந்து வந்தான்? எங்க வீட்டுக்காரர் படிச்சா முதல்ல அதைத்தான் கேப்பாரு."

விளக்கினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. அப்புறம் முதல் பக்கத்துக்குப் போய் மறுபடியும் கைபேசியைப் பிடித்தாள். சிரிப்பு நின்றது.

"கட்டைவிரல் போட்டீங்களா? நீங்களா?"

"போட்டேன். எடுத்துட்டேன்."

"லூசு," என்று சொல்லிவிட்டு, தன் டப்பாவிலிருந்த பன்றிக்கறித் துண்டில் பெரியதை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள்.

5

புயல் லீவு உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே மழைக்குக் கலெக்டர் பள்ளிக்கூடத்தை மூடுவார். இங்கே மேயர் வேலைக்கும் சேர்த்து லீவு விடுவார். முந்தின நாள் மாலையிலேயே ஊர் முழுக்கக் கைபேசியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செவ்வாய் எட்டு மணிக்குச் செய்தி வந்தது: புதன் லீவு. புதன் விடிந்தது, சுள்ளென்று வெயில். புயல் தெற்கே திரும்பிவிட்டிருந்தது. மேயரைத் திட்டி ஆயிரம் பேர் எழுதினார்கள். ஷின்-மேய்க்கு மேயர் தெய்வமாகத் தெரிந்தார். வாரத்தின் நட்ட நடுவில் ஒரு சனிக்கிழமை முளைத்திருக்கிறதே.

"எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ," என்றார் லியௌ அக்கா. "எனக்கும் புயல் லீவு வேணும்ல. வாழைப்பழம் மட்டும் குடுத்துறாத, முக்குறா."

வேனில் ஷின்-மேய் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்தாள். "டோடோ, யாரு நானு? சொல்லு. யாரு?"

டோடோ அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஐடி கார்டைக் காட்டு," என்றான் முன்னாலிருந்து யூங்-ஷெங். "அப்பத்தான் நம்புவா."

கடலுக்குப் போக முடியாது. எச்சரிக்கை இருக்கும்வரை கரையில் கால் வைத்தால், வெயில் அடித்தாலும் அபராதம். ஆகவே பேரங்காடி. ஊரே அங்கேதான் இருந்தது.

[இந்த இடத்தில் கூட்டத்தை வர்ணித்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். நவீன மனிதனின் வெறுமை என்றெல்லாம் வந்தது. எடுத்துவிட்டேன். அங்கே வெறுமை இல்லை. குளிர்சாதனம் இருந்தது, குழந்தைக்குத் துணி மாற்ற இடம் இருந்தது, மீன் உருண்டை சூடாக இருந்தது. ஜனங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.]

சாப்பாட்டுக் கூடத்தில் இடம் பிடித்தார்கள். ஷின்-மேய் முட்டைப் புட்டை ஊதி ஊதி ஊட்டினாள். டோடோ அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நன்றாகத் தின்றாள். அப்போது பைக்குள் கைபேசி கூவியது. டோடோ வாயில் முட்டையோடு பைப்பக்கம் திரும்பினாள்.

"மாமா."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

யூங்-ஷெங் சிரித்துவிட்டான். "நீ கண்ணாடிக்குள்ள இருந்தாத்தான் அவளுக்கு அம்மா. வெளிய வந்தா யாரோ முட்டை ஊட்டுற ஆளு."

"வாய மூடு."

"கோவப்படாத. இதுக்கு ஒரு வழி இருக்கு."

"போன தடவ உன் வழியில போயித்தான் வேன் சேத்துல நின்னுச்சு."

"இது வேன் இல்ல, கேளு. நீ அந்தத் தூணுக்குப் பின்னாடி போயி போன் போடு. நான் எம் போன இவகிட்ட காட்டறேன். நீ பேசிக்கிட்டே நடந்து வா. கிட்ட வந்ததும் போன இறக்கு. உள்ள இருந்தவ வெளிய வந்துட்டான்னு அவளுக்குப் புரிஞ்சிரும்."

"அவளுக்குப் பதினோரு மாசம். முப்பத்திரெண்டு வயசு உனக்கே பாதி விசயம் புரியறதில்ல," என்றாள் ஷின்-மேய். சொல்லும்போதே எழுந்துவிட்டாள்.

யூங்-ஷெங் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, கைபேசியை நீட்டினான். மணி அடித்தது. கண்ணாடியில் முகம் வந்தது.

"மாமா," என்றாள் டோடோ. இரண்டு பல்லும் தெரிந்தன.

"வர்றேன் பாரு. அம்மா வர்றேன் பாரு, டோடோ." மேசைகளுக்கு நடுவே, தட்டு ஏந்திய ஆட்களை இடித்துக்கொண்டு, கைபேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி ஷின்-மேய் நடந்தாள். ஒரே குரல் இரண்டு இடத்திலிருந்து முன்னும் பின்னுமாக வந்தது. பத்தடி. ஐந்தடி. இரண்டடியில், பக்கத்தில் பக்கத்தில் வந்த இரண்டு கைபேசிகளும் சேர்ந்து கீய்ங் என்று அலறின. இரும்பு அறுக்கிற மாதிரி அலறல். கூடமே காதைப் பொத்தியது. டோடோவின் உதடு பிதுங்கியது. யூங்-ஷெங்கின் கையிலிருந்த கைபேசி நழுவுவதற்கு ஒரு கணம் முன்னால், யாரோ ஒருவர் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்.

படத்துக்குச் சத்தம் கிடையாது. அதனால்தான் அவ்வளவு பேரும் காறித் துப்ப முடிந்தது.

"அப்பறம் நான் போன நிறுத்திட்டு அவளத் தூக்கினேன்," என்றாள் ஷின்-மேய். அதற்குள் ஆலை மணி அடித்துவிட்டது.

6

மிச்சத்தை அவள் சொல்லாததால் நானே எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: குழந்தை அவள் கன்னத்தைத் தொட்டு மாமா என்கிறது. அவள் அழுகிறாள். சுற்றியிருந்தவர்கள் கைதட்டுகிறார்கள். (பால்மாவு விற்க உதவும்.)

இரண்டாவது: அணைந்துபோன கைபேசியைப் பார்த்துத்தான் மாமா என்கிறது. (எழுத ரொம்ப சுலபம். கடைசியில் ஒரு சோகத்தை வைத்தால் ஆழமான கதை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மறுநாள் நான் ஷின்-மேயைப் பார்த்தேனே. பெட்டி அடுக்கும்போது வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டிருந்தாள். ஷிப்டு முடியும்வரை கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அப்படி நடந்திருந்தால் அவள் இப்படி இருப்பாளா? இருக்கலாம். மறுபடி குழந்தையைத் தூக்கிக்கொண்டதே போதும் என்று இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.)

மூன்றாவது: குழந்தை அப்பனைப் பார்த்து மாமா என்கிறது. (இது யூங்-ஷெங் கொடுத்த யோசனை. 'என்னையும் கதையில் முக்கியமாப் போடுங்க' என்று செய்தி அனுப்பியிருந்தான்.)

7

மூன்று முடிவையும் ஷின்-மேயிடம் காட்டினேன். கைபேசியைப் பிடித்துப் படித்தாள்.

"இதுல எது சரி?" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு?"

"கதை பாதியில நிக்குதும்மா."

"நிக்கட்டும்." டப்பாவை மூடினாள். கோபமில்லை, நிதானமாகத்தான் சொன்னாள். "அன்னிக்கு அந்தக் கூடத்துல எத்தனை போன் இருந்திருக்கும்? ஒருத்தன் படம் புடிச்சான், ஊரே பாத்துச்சு, நீங்க கட்டைவிரல் போட்டீங்க. அதுக்கு அடுத்து நடந்தத மட்டும் யாரும் புடிக்கல. எல்லாரும் காதப் பொத்திக்கிட்டு இருந்தாங்க. எங்க வீட்டுக்காரரே மேசைக்கு அடியில குனிஞ்சு போனத் தேடிக்கிட்டு இருந்தாரு. நானும் அவளும் மட்டுந்தான். அத உங்ககிட்ட குடுத்தா அச்சுல போடுவீங்க, ஆயிரம் பேர் பாப்பாங்க."

"ஐம்பது பேர் படிச்சா அதிகம்."

"ஐம்பதும் ஜாஸ்திண்ணே. அது என்னோடது."

மறுபடி கேட்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் கறித்துண்டுதான் கிடைத்தது.

ஆகவே கதையை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். ஷின்-மேய் குழந்தையைத் தூக்கியிருக்கிறாள். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. டோடோ அவளைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

[                    ]

இதற்குள் உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் காட்ட வேண்டாம். எதை எழுதினாலும் தப்பில்லை, சரியானது அவளிடம் பத்திரமாக இருக்கிறது.