அறுத்துவிட்ட பெயர்

இலங்கையில் ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் தனுஜா பால் வெட்டினாள். அவளுடைய அப்பா பழனியாண்டி, தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி. டெனிஸ்டனைக் கட்டிக்கொண்டபோது அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். அப்பா அதைத் தடுக்கவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் பக்கத்து லயத்திலிருந்து தினமும் வந்து பேத்தி ஷெரினைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

2004இல் ஷெரினுக்கு வலிப்பு தொடங்கியது. தனுஜாவால் வேலையை விட முடியாததால் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு அவர்தான் பிள்ளையைக் கொண்டுபோனார். மருந்து குடித்தும் வலிப்பு நிற்கவில்லை.

ஜெபக்கூடத்துப் பாஸ்டர் பவுல் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் குடித்தே செத்தவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி, அந்தப் பரம்பரைச் சாபத்தின் கட்டை அறுத்து ஜெபித்த பிறகுதான் தன்னாலும் குடியை விட முடிந்தது என்று அவர் நம்பினார். தகப்பன்மார் செய்த பாவம் நாலு தலைமுறை வரைக்கும் தொடரும், பூசாரியின் இரத்தம் பிள்ளையில் ஓடுகிறது, அவர் பெயரைச் சொல்லி அறுக்க வேண்டும் என்று தனுஜாவிடம் சொன்னார். டெனிஸ்டனும் விடாமல் நெருக்கினான். அவள் தள்ளிப்போட்டாள். ஷெரின் நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தமான அன்று சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்: "பழனியாண்டிங்கிற பேர எங்கிட்டருந்தும் எம்புள்ளகிட்டருந்தும் அறுத்துவிடுறேன்."

ஸ்பீக்கர் லயங்களைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது.

மறுநாளிலிருந்து அப்பா வரவில்லை. அவள் பிள்ளையோடு போனாள். கோபித்திருந்தால் காலில் விழுந்திருப்பாள். அவர் கோபிக்கவில்லை.

"நீ சொன்னது சரியாக்கூட இருக்கலாம்மா. எத்தன கிடா வெட்டுன கை இது. அந்தப் பாவம் என் கை வழியா புள்ளைக்குப் போயிருந்தா?"

ஷெரின் ஓடிப்போய்க் கால்களைக் கட்டிக்கொண்டாள். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

வலிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. பூசாரியின் அப்பா பெயரையும் அறுக்க வேண்டும் என்றார் பாஸ்டர். அந்தப் பெயர் தனுஜாவுக்குத் தெரியாது. அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்கு இயேசுவின் வம்சத்தைப் பற்றிப் பாஸ்டர் பிரசங்கித்தார். பெற்ற மகனையே தீயில் போட்ட மனாசே ராஜாவின் பெயரும் அந்த வரிசையில் இருப்பதாகச் சொன்னார். ஆராதனை முடிந்ததும் தனுஜா அவரிடம் போய், அந்தப் பெயரை ஏன் அறுக்கவில்லை என்று கேட்டாள்.

"மனாசே கடைசியில மனந்திரும்பினாரும்மா. ஒங்க அப்பாவும் திரும்பட்டும். நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாறேன்."



அப்பா திரும்பவில்லை. கித்துல்கலப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தனுஜாவின் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் நிற்கும் ஹோல்ட் வரை பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்த தனுஜா, மனாசேயின் கதையைச் சொன்னாள். அவ்வளவு பாவம் செய்தவனுடைய பெயரையே சாமி தன் வம்சத்தில் வைத்திருக்கிறார் என்றாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"அது ராஜா பரம்பரைம்மா. அவங்க பேர யாரால அறுக்க முடியும்?"

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

அடுத்த கிளினிக்கில் புதிதாக வந்திருந்த டாக்டர் மருந்தை மாற்றினார். வலிப்பு குறைந்து, பிறகு வராமலே நின்றது. கிழவர் போனதும் கட்டு அறுந்தது என்று ஜெபக்கூடத்தில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். டெனிஸ்டன் அழுதுகொண்டே சாட்சி சொன்னான். தனுஜாவையும் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மருந்து மாறியதை அவனுக்கு ஞாபகப்படுத்தினாள். மருந்தையும் கர்த்தர்தானே கொடுத்தார் என்றான்.

சித்திரையில் தம்பி வந்தான். பிள்ளையைத் தூர நின்றாவது ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாமா என்று அப்பா கேட்டனுப்பியிருந்தார். வாசலில் ஷெரின் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். தனுஜா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரச் சொல் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"புள்ள நல்லா இருக்குன்னு சொல்லு" என்றாள். அவளுக்கும் பயமாக இருந்தது.