விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்தில் நான் பாடம் எடுத்த நீள அறையின் பின்சுவரில் ஒரு விரிசல் இருந்தது. கூரையின் உத்திரம் சுவரில் வந்து உட்காரும் இடத்தில் கிளம்பி, ஜன்னல் மூலைவரை இறங்கியிருந்தது. ஒரு விடுமுறை நாளில் என் கணவர் ஏணி போட்டு ஏறி, அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார். விரல் நீளம்தான் இருக்கும். இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் ஆணியால் அன்றைய தேதியைக் கீறினார்.

"இது எதுக்குங்க?"

"கண்ணாடி வளையாது. சுவர் ஒரு நூல் நகர்ந்தாக்கூட பட்டுனு உடைஞ்சிடும். சுவர் நகருதா, சும்மா நிக்குதான்னு சொல்ல இதைவிட நேர்மையான ஆள் கிடையாது."

"அப்ப ஆபீஸ்ல உங்க நாற்காலியை இதுக்கே குடுத்துடலாமே."

"குடுத்தா நல்லதுதான். போடச் சொன்ன இடத்துல எல்லாம் கையெழுத்துப் போடாது."

அவர் பள்ளிக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசுப் பிரிவில் பொறியாளர். எங்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும் என்று அவரே எழுதி அனுப்பியிருந்தார். ஒப்புதலும் கிடைத்தது, பணம் மட்டும் வரவில்லை. இதற்கிடையில் இன்னொரு துறையிலிருந்து, பள்ளிகளின் கூரையில் சூரிய மின்தகடுகள் பொருத்த நிதி வந்தது. அதை நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பிப் போய்விடும். புதுக் கட்டடமோ இன்னும் வரைபடத்தில் இருந்தது. மரநிழல் விழாத ஒரே கூரை பழைய கட்டடத்தின் கூரை. அதனால் அதன்மேலேயே தகடுகளை வைப்பது என்று முடிவாகிவிட்டது.

இந்தக் கூரை தாங்காது என்று இவர் போய்ச் சொன்னபோது மேலதிகாரி, "விரிசல் இல்லாத கட்டடம் எங்கய்யா இருக்கு? சுவர் நகருதுன்னு காட்டுங்க, நானே நிறுத்தறேன்" என்றாராம். அதற்காகத்தான் அந்தக் கண்ணாடி. அது உடைந்தால் கட்டடம் ஆபத்தானது என்று எழுதலாம். மேலே எதையும் ஏற்ற முடியாது. புதுக் கட்டடத்துக்கு உடனே பணம் வரும்.

"அப்படின்னா உடையணும்னு வேண்டிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"உடையணும். ஆனா உடையும்போது நீ உள்ள இருக்கக் கூடாது."

கண்ணாடி உடையவில்லை. தகடுகள் வந்தன. கூரையில் துளையிட்டால் ஒழுகும் என்பதால், தகடுகளைத் தாங்கும் சட்டங்கள் காற்றில் பறக்காமலிருக்க அவற்றின்மேல் கான்கிரீட் கட்டைகளை வைத்தார்கள். பின்சுவரை ஒட்டி வெளியே ஏறும் படிக்கட்டு வழியாக ஒவ்வொரு கட்டையாகத் தூக்கிப் போனார்கள். ஒன்றை இறக்கி வைக்கும்போதெல்லாம் எங்கள் அறையில் கரும்பலகை லேசாக நடுங்கும். பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். பிறகு அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவேன்.

அதற்குப் பிறகு, கடைசி பெஞ்சில் காலையில் மெல்லிசாகச் சுண்ணாம்புத் தூள் படிந்திருக்கத் தொடங்கியது. பிள்ளைகள் அதில் விரலால் படம் வரைந்தார்கள். நான் அந்த பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டேன். அதனால் என்ன ஆகிவிடும் என்று எனக்கே தெரியாது. கூரை எல்லோருக்கும் மேலேதானே இருந்தது?

வீட்டில் சொன்னேன். "தினமும் உதிருதுங்க. நெஞ்சு பதறுது."

அவர் அடிக்கடி வந்து கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடி முழுசாகப் பளபளத்தது. "எனக்குப் புரியல. கண்ணாடி சொல்றதை நம்பறதா, உனக்கு வயித்தைக் கலக்கறதை நம்பறதா?"

"என் வயித்தை நம்புங்க."

"நான் நம்பறேன் டீச்சர். ஆபீஸ்ல உன் வயித்தை எந்தத் தலைப்புல எழுதறது?"

சிரித்தோம். ஆனால் அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மேலதிகாரியோ, "கண்ணாடியே பயப்படல, நீங்க ஏன்யா பயப்படறீங்க?" என்று கேட்டு முடித்துவிட்டார். புதிதாகப் பணம் போட்ட கட்டடத்தை இடிப்பதாவது என்று சொல்லி, எங்கள் புதுக் கட்டடத்தை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

மின்சாரத்தைத் தொடங்கிவைக்கும் விழாவன்று காலையிலிருந்தே காற்றும் மழையுமாக இருந்தது. மைதானத்தில் போட்ட பந்தல் தொப்பலாக நனைந்து சரிந்தது. எல்லோரையும் உள்ளே, எங்கள் நீள அறைக்கு மாற்றினார்கள். பள்ளியின் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மேலே காற்றில் சட்டங்கள் முனகுவது கேட்டது. நான் பின்சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். விழுந்தால் கையால் தாங்கிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

மேலதிகாரி பேச ஆரம்பித்தார். பெற்றோர் சிலர் கட்டடத்தைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லும்விதமாக, "இங்க பாருங்க, நம்ம பொறியாளரே கண்ணாடி ஒட்டி வச்சிருக்காரு. ஏறிப் பாத்து எல்லார் முன்னாலயும் சொல்லுங்க சார்!" என்றார். வாட்ச்மேன் ஏணியைக் கொண்டுவந்தார். நான் பிடித்துக்கொண்டேன். இவர் ஏறினார்.

கண்ணாடியைப் பார்த்தார். சிமெண்டைக் கட்டைவிரலால் தடவினார். மறுபடி தடவினார். பிறகு மெதுவாகக் குனிந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

இறங்கி வந்து என் காதோரம் சொன்னார். "இது நான் ஒட்டினது இல்ல. தேதி இல்ல."

எங்கள் தலைமை ஆசிரியை பக்கத்தில்தான் நின்றிருந்தார். பெரிய டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார். "அது பந்து பட்டு உடைஞ்சதுப்பா" என்றார் தாழ்ந்த குரலில். "ஆபீஸ் சாமானை உடைச்சிட்டாங்கன்னு பிள்ளைங்களைத் திட்டுவீங்களேன்னு, லீவு நாள்ல வாட்ச்மேனை விட்டு அதே அளவுல வெட்டி ஒட்டச் சொன்னேன்."

"எத்தனை தடவை டீச்சர்?"

"உடைஞ்சப்பல்லாம்."

சொல்லி முடித்ததும், உடைத்தது பந்து இல்லை, சுவர் என்று அவருக்கே புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மணி அடிக்காதே, பிள்ளைங்க ஓடும்" என்றார் இவர் என்னிடம். "கத்தாதே. யாரும் சுவர்ல சாயக்கூடாது. இப்பவே வெளிய கூட்டிட்டுப் போ."

என் வகுப்பில் பூனை வரிசை என்று ஒரு விளையாட்டு உண்டு. சத்தமில்லாமல் நடக்க வேண்டும். காலடி கேட்டால் அவுட். நான் மேலதிகாரியின் பேச்சுக்குக் குறுக்கே போய் நின்றேன். "எல்லாரும் பூனை வரிசை! மைதானத்துக்கு! நனைஞ்சா இன்னைக்கு யாரும் திட்டமாட்டாங்க!"

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நுனிக்காலில் நடந்தார்கள். அவ்வளவு மெதுவாக நடந்தார்கள். அப்படி நடக்கச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ஒவ்வொரு பிள்ளையும் வாசலைத் தாண்டும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

"என்னம்மா இதெல்லாம்?" என்று மேலதிகாரி கத்தினார்.

"சார், நீங்களும் பூனை மாதிரி வாங்க" என்றார் இவர். குரல் தணிந்திருந்தது. அவருடைய முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். மேலதிகாரி இவர் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்காமல் நடந்தார்.

எல்லோரும் மழையில் நின்றோம். தலைகளை எண்ணிச் சரிபார்த்தோம். அப்போதுதான் வாட்ச்மேன், "ஐயோ, எலக்ட்ரீஷியன் அண்ணன் மேல இருக்காரே!" என்றார். சைகை காட்டியதும் சுவிட்சைப் போடுவதற்காக அவர் கூரையில் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டோம். மழைச் சத்தத்தில் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

"இரு, வந்துடறேன்" என்றார் இவர்.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். ஈரச் சட்டை. வழுக்கிப் போய்விட்டது.

படிக்கட்டு வழியாக எலக்ட்ரீஷியன் முதலில் வந்தார், கருவிப் பையை மார்போடு அணைத்தபடி. கடைசிப் படியில் கால் வைத்துத் தரையில் குதித்தார். பின்னாலேயே இவருடைய செருப்புக் கால் தெரிந்தது. அப்போது பட்டென்று ஒரு சின்னச் சத்தம், கண்ணாடி உடைவது போல. அந்த மழையில் அது கேட்டிருக்கவே முடியாது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்டேன். அதன்பின் சுவர் படிக்கட்டின்மேல் சாய்ந்தது.

பெரிய டீச்சர் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். பலமுறை வந்தார். அவரை என்ன சொல்வது? அந்தக் கட்டடத்தில் நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டுதான் இருந்தோம். அவர், பிள்ளைகள் திட்டு வாங்குவார்களே என்று பயந்தார்.

புதுக் கட்டடத்துக்கு உடனே பணம் வந்தது. எதற்கெல்லாம் என் கணவர் அலைந்தாரோ எல்லாம், அவர் போன பிறகு நடந்தது. கூரையைப் போடும்போதே தகடுகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கட்டினார்கள். நல்ல கட்டடம். நான் அதில்தான் பாடம் எடுக்கிறேன். ஜன்னலோரத்தில் தலைமுடி போல ஒரு கோடு வந்தபோது, புதுப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது வெறும் பூச்சு வெடிப்புங்க, ஒண்ணுமில்ல" என்றார். கண்ணாடி ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றேன். ஒட்டினார். தேதியை நானே ஆணியால் கீறினேன்.

பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். யார் பந்து பட்டு உடைந்தாலும் சரி, தானாக உடைந்தாலும் சரி, யாரும் திட்டமாட்டார்கள். முதலில் பார்த்தவர் உடனே ஓடிவந்து என்னிடம் சொல்ல வேண்டும்.

சொன்னதைக் கேட்கும் பிள்ளைகள். இன்றுகூட ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "டீச்சர், கண்ணாடி!"

என் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து உடைந்தது.

"கண்ணாடி மேல ஈ உக்காந்திருக்கு டீச்சர்."

"நல்லதும்மா" என்றேன். "போய் இன்னொரு தடவை பாத்துட்டு வா."