ஓடைக்கரையில் ஒரு துண்டு

ஓடைக்கரையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு உழக்கூடாது, மருந்தடிக்கக்கூடாது. புல்லும் புதரும் தன்போக்கில் வளர வேண்டும். வளர்ந்தால் அரசு மானியம். திட்டத்தில் சேர்ந்தது அவள். "நல்ல மண்ணைக் களைக்குத் தாரை வார்க்கிறா" என்று ஊரெல்லாம் சொன்னவர் கணவனின் அண்ணன். கடைசியில் வீட்டில் ஒரு பேச்சு முடிந்தது. அரசு அதிகாரி வந்து பார்க்கும் சோதனையில் தேறினால் விவசாயம் அவள் சொல்படி. தவறினால் அண்ணன் கைக்குப் போகும்.

தாய்வீட்டிலிருந்து அவள் திரும்பிய காலையில்தான் அதிகாரியும் வந்தார். அவரை முந்திக்கொண்டு கரைக்குப் போனாள். இடுப்புயரம் நின்ற புதரெல்லாம் மாயம். கரை மழித்த மோவாயாக இருந்தது. கணவன் சிரித்தபடி நின்றான்.

"ஆபீசர் வர்றார்ல, காடா கிடந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பார்? நேத்து பூரா மெஷின் வச்சு வெட்டினேன்."

களை நிற்கும் வயல் சோம்பேறியின் வயல் என்று கேட்டே வளர்ந்தவன். அவனை என்ன சொல்லித் திட்டுவது?

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். பின்னாலேயே அண்ணனும் ஊர்க்காரர் நாலு பேரும்.

"யாரும்மா வெட்டுனது?" என்றார் அதிகாரி. "நீங்களே வெட்டியிருந்தா திட்டத்துலருந்து எடுத்துருவாங்க. வேற யாராவதுன்னா புகார் எழுதிக் குடுங்க, இந்த வருஷம் தப்பிச்சுக்கலாம்."

எல்லார் பார்வையும் அண்ணன் மேல் போனது. பக்கத்து வயல் அவருடையது. இந்தப் புல்லை அவர் ஏசாத நாளில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரே நம்பும். அவர் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கணவனுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது. முகம் வெளிறிப்போனான். ஒன்றுக்கும் உதவாதவன் என்று அண்ணனிடம் சின்ன வயதிலிருந்து வாங்கிய பட்டம் இன்றோடு நிலைத்துவிடும்.

"நான்தான் சார் வெட்டச் சொன்னேன்," என்றாள். "விதி எனக்குச் சரியாப் புரியல."

அந்த விதிகளை வரிவரியாகப் படித்துக் கணவனுக்குச் சொன்னவளே அவள்தான். அவன்தான் பாதியில் தூங்கிவிட்டான்.

அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அண்ணனுக்கு மூச்சு வந்தது, கூடவே வாயும் வந்தது.

"படிச்சவ கிழிச்ச லட்சணம். நாளைக்கே உழுதுடறேன்."

"வெட்டுனது நான்," என்றான் கணவன். அண்ணன் முன்னால் அவன் குரல் இப்படி வந்ததே இல்லை. "அவ ஊர்லயே இல்ல. தப்பு பண்ணது நான். விவசாயம் அவ கையிலருந்து ஏன் போகணும்?"

மானியம் போனபோது கலங்காதவள் அப்போது அழுதுவிட்டாள்.